மைக்குக்குப் பின்னாடி நின்ன ஆளு

எல்லாருக்கும் வணக்கம். ஹிப்ஹாப்னு சொன்னதும் மைக்கைப் புடிச்சுக்கிட்டு கடகடன்னு பேசற ஒருத்தர்தான் நம்ம ஞாபகத்துக்கு வருவாரு. நான் பேச வந்தது அவருக்குப் பின்னாடி நின்னு ரெக்கார்டு போட்ட டிஜே பத்தி, ஏன்னா ஆரம்பத்துல ஹீரோ அவர்தான், மைக்கைப் புடிச்சவங்க அவரைப் புகழ்ந்து கூட்டத்தை உசுப்பேத்த வந்தவங்க.

ஊரு நியூயார்க்ல பிராங்க்ஸ். நடுவுல எக்ஸ்பிரஸ்வே போடறேன்னு ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காலி பண்ண வெச்சாங்க, 70கள்ல வீட்டு ஓனர்களே இன்சூரன்ஸ் காசுக்காக பில்டிங்கைக் கொளுத்தின கதையெல்லாம் உண்டு. அங்க செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் நம்பர் அபார்ட்மென்ட்ல, 1973 ஆகஸ்ட் 11, சிண்டி கேம்ப்பெல்னு ஒரு பொண்ணு ஸ்கூல் திறக்கறதுக்குள்ள புதுத்துணி வாங்கக் காசு வேணும்னு பார்ட்டி வெச்சது. பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50. பாட்டு போட்டது அண்ணன் கிளைவ், அதான் கூல் ஹெர்க். ஜமைக்காவுல பொறந்தவர், பெரிய பெரிய ஸ்பீக்கரா அடுக்கி தெருவையே அதிர வைக்கற பழக்கம் அந்த ஊர்லேர்ந்து வந்தது.

ஹெர்க் ஒண்ணு கவனிச்சாரு. பாட்டுல எல்லாரும் அடங்கி டிரம்ஸ் மட்டும் தனியா அடிக்கற இடம் வரும்ல, ஆடறவங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாங்க. அது சில செகண்ட்ல முடிஞ்சிரும். அதனால ஒரே ரெக்கார்டு ரெண்டு வாங்கி, இதுல முடியறப்போ அதுல ஆரம்பின்னு அந்தத் துண்டை மட்டும் இழுத்துக்கிட்டே போனாரு.

ஐடியா பிரமாதம், ஆனா தாளம் அங்கங்க தட்டும். அதைச் சரி பண்ணினது கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், எலக்ட்ரானிக்ஸ் படிச்ச பையன். ரெக்கார்டு மேல கிரேயான்ல கோடு போட்டு, துண்டு எங்க ஆரம்பிக்குது, எத்தனை சுத்து திருப்பணும்னு கண்ணாலேயே எண்ணினாரு. ஃபெல்ட் துணியை வட்டமா வெட்டி கஞ்சி போட்டு வெறைப்பாக்கி ரெக்கார்டுக்கு அடியில வெச்சாரு. இப்போ கையால ரெக்கார்டைப் புடிச்சு நிறுத்தினாலும் கீழ இருக்கற தட்டு அது பாட்டுக்கு சுத்திக்கிட்டே இருக்கும், விட்டதும் கரெக்டா தாளத்துல போய் உக்காரும். ரெக்கார்டு மேல விரலே படக்கூடாதுன்னு இருந்த காலம் அது! பாட்டு கேக்கற மெஷினை வாசிக்கற வாத்தியமா மாத்தினதுதான் ஹிப்ஹாப், எனக்கு மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

1979ல என்னாச்சு, ரெக்கார்டு கம்பெனி நடத்தின சில்வியா ராபின்சன் நியூஜெர்சிலேர்ந்து 'ராப்பர்ஸ் டிலைட்'னு ஒரு ராப் பாட்டை வெளியிட்டாங்க, உலகமே கேட்டுச்சு. டிஜே கை செய்ய வேண்டிய வேலையை ஸ்டூடியோ பேண்டு வாசிச்சுட்டுப் போயிருச்சு. அதுல பாடின மூணு பேர்ல ஒருத்தரான பிக் பேங்க் ஹாங்க்கோட வரிகூட பிராங்க்ஸ்ல மைக் புடிச்ச கிராண்ட்மாஸ்டர் காஸோடது, காஸ் தன் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்ற இடத்தைக்கூட மாத்தாம அப்படியே பாடியிருக்காரு மனுஷன். 1982ல 'தி மெசேஜ்' வந்தப்போ லேபிள்ல ஃபிளாஷ் பேர் இருக்கு, ரெக்கார்டிங்ல அவர் இல்ல. பிராங்க்ஸோட கஷ்டத்தை அவ்ளோ நேரடியா சொன்ன பாட்டு, அதுல குறை சொல்ல மாட்டேன், ஆனா அதோட டிஜே ஓரமாப் போயிட்டாரு.

நல்லவேளை 1981ல ஃபிளாஷ் மூணு டர்ன்டேபிளை, அதான் ரெக்கார்டு சுத்தற மெஷினை வெச்சு லைவா வாசிச்ச ரெக்கார்டு ஒண்ணு இருக்கு, நடுவுல தப்பினா மறுபடி முதல்லேர்ந்து வாசிக்கணும். அதை இப்போ போடறேன், ஏழு நிமிஷம், கொஞ்சம் சவுண்டை ஏத்துங்க தம்பி.