அறுகோணம் எங்கிருந்து வருகிறது?

எல்லாருக்கும் வணக்கம். தட்டில் எண்ணெய், அடியில் சீரான சூடு. எங்கும் ஒன்றுபோல இருந்த பரப்பில் அறுகோணங்கள் ஏன் முளைக்கின்றன? இன்று இந்த ஒரு கேள்விதான்.

1900இல் பிரான்சில் இயற்பியலாளர் ஆன்றி பெனார் உருகிய மெழுகுப் படலத்தில் இதைக் கண்டார். 1916இல் ஆங்கில இயற்பியலாளர் ரேலே பிரபு, சூடான திரவம் லேசாகி மேலெழுவதுதான் காரணம் என்று கணக்குப் போட்டார். மேலும் கீழும் திடத்தகடு இருந்தால், ரேலே எண் (மேலெழுப்பும் மிதப்பு விசை, அதைத் தடுப்பவற்றைவிட எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண்) 1708ஐத் தாண்டியதும் திரவம் புரளத் தொடங்கும். அருமையான கணக்கு, ஆனால் பெனாரின் மெழுகுக்குப் பொருந்தாது! ரேலே எண் ஆழத்தின் மும்மடியோடு (ஆழம் × ஆழம் × ஆழம்) மாறுவது. மில்லிமீட்டர் அளவுப் படலத்தில் மிதப்பு விசைக்கு வலுவில்லை.

அங்கே வேலை செய்வது பரப்பு இழுவிசை, அதாவது திரவப் பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசை. இது 1950களில்தான் தெளிவானது. பரப்பில் ஓரிடம் துளி கூடுதலாகச் சூடானால், அங்கே இழுவிசை குறைகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த பரப்பு எண்ணெயை வெளியே இழுக்கிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து சூடான எண்ணெய் வருகிறது. அதனால் அவ்விடம் மேலும் சூடாகிறது. ஓட்டத்தைத் தடுக்கும் பாகுத்தன்மையும், சூட்டைச் சமப்படுத்தும் வெப்பப் பரவலும் இதை அடக்கப் பார்க்கும். வெப்பநிலை வேறுபாடு ஓர் எல்லையைத் தாண்டினால் அவற்றால் முடியாது.

இந்தச் சூடு-குளிர் மேடுபள்ளங்களை அலைகளாகப் பார்த்தால், எந்த அலைநீளம் முதலில் வளரும் என்பதை நேரியல் கணக்கே (அலைகள் மிகச் சிறியவை, ஒன்றையொன்று பாதிக்காதவை என்று கொள்ளும் கணக்கு) சொல்லிவிடும்: ஆழத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் வடிவம்? அதை அந்தக் கணக்கு சொல்லாது. ஒன்றுக்கொன்று 120 பாகையில் நிற்கும் மூன்று அலைகள், சமன்பாட்டின் நேரியலல்லாத உறுப்பின் (அலைகளை ஒன்றோடொன்று பெருக்கும் பகுதியின்) வழியே ஒன்றையொன்று வளர்த்துவிடுகின்றன. மேலே திறந்த பரப்பு, கீழே தகடு என்று சமச்சீர் குலைந்திருப்பதால்தான் அந்த உறுப்பு உயிரோடிருக்கிறது. அதன் விளைவே அறுகோணம். இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். பொருளின் உயிர் இங்கேதான்.

வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையிலேயே பார்க்கலாம். 50 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) சிலிக்கோன் எண்ணெயைத் தடித்த அடியுள்ள தட்டையான பாத்திரத்தில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஊற்றி, ஓட்டம் கண்ணுக்குத் தெரிய சிட்டிகை மைக்கா பொடி (மினுங்கும் கனிமத்தூள்) கலந்து, மின் அடுப்பில் 60 முதல் 70 பாகை செல்சியஸ் வரை மெதுவாகச் சூடேற்றுங்கள். சுமார் 7 மில்லிமீட்டர் அகல அறுகோண அறைகள் தோன்றும். நடுவில் எண்ணெய் எழும், ஓரங்களில் இறங்கும். பாத்திரம் சாய்ந்திருந்தால் ஆழமான பக்கத்தில் அறைகள் பெரிதாகும். ஏர்கான் காற்று நேரே பட்டால் பரப்பு சீரற்றுக் குளிர்ந்து அறைகள் நகரும். தண்ணீரில் முயல வேண்டாம்: சவர்க்காரத்தின் சுவடு இருந்தாலே பரப்பு இறுகி, ஓட்டம் நின்றுவிடும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஆங்காங்கே ஓர் ஐங்கோணமும் எழுகோணமும் ஒட்டி நிற்கும். சுவர்கள் அறைகளை ஒரு திசையிலும், மற்ற இடங்கள் வேறு திசையிலும் அடுக்க, இரண்டு அடுக்கும் சந்திக்கும் கோட்டில் அந்த இணை உருவாகிறது. பாத்திரத்தில் முதலில் அதைத் தேடுங்கள்.