33 வாட் சார்ஜர், 85 நிமிடம்: போனில் சார்ஜ் ஏறும் வேகத்தை எது தீர்மானிக்கிறது?

[காட்சி: மேசை மீது ஒரு ஸ்மார்ட்போன், ஒரு அடாப்டர், இரண்டுக்கும் நடுவே கேபிளில் செருகப்பட்ட சிறிய யூஎஸ்பி மீட்டர்.]

வணக்கம். இந்த மேசையில் இருக்கும் போனின் பேட்டரி 5000 மில்லி ஆம்பியர் ஹவர் கொள்ளளவு கொண்டது. அதனுடன் வந்த அடாப்டரின் மீது 33 வாட் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பேட்டரியின் சராசரி மின்னழுத்தம் ஏறத்தாழ 3.85 வோல்ட் என்பதால், அதை முழுவதும் நிரப்பத் தேவையான ஆற்றல் சுமார் 19 வாட் ஹவர். பள்ளிக் கணக்குப்படி 19ஐ 33ஆல் வகுத்தால் 35 நிமிடத்தில் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் 5 சதவீதத்தில் செருகிய இந்தப் போன் 100ஐத் தொட 85 நிமிடம் எடுத்துக்கொண்டது. சார்ஜரும் பழுதில்லை, போனும் பழுதில்லை, பெட்டியின் மீது அச்சிட்டவர்கள் பொய்யும் சொல்லவில்லை. அப்படியானால் மிச்சமுள்ள 50 நிமிடம் எங்கே போயிற்று என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: மீட்டரின் எண்கள், அருகில் போனின் சதவீதம்.]

முதலில் மீட்டர் காட்டியதை அப்படியே பார்த்துவிடலாம். செருகிய சில நொடிகளில் எண் 30 வாட்டைத் தொட்டது. முதல் 10 நிமிடம் ஏறக்குறைய அங்கேயே நின்றதால், போன் 5இலிருந்து 28 சதவீதத்துக்கு ஏறியது. அதன் பிறகு 25 வாட் அளவுக்கு இறங்கியது. 25ஆவது நிமிடத்தில் 56 சதவீதம். பிறகு 18 வாட். 40ஆவது நிமிடத்தில் 77 சதவீதம். அங்கிருந்து எண்கள் சரியத் தொடங்கின. 55ஆவது நிமிடத்தில் 90 சதவீதத்தை எட்டியபோது மீட்டரில் ஒற்றை இலக்கம்தான் இருந்தது. கடைசி 10 சதவீதத்துக்கு மட்டும் அரை மணி நேரம் ஆயிற்று. வேறொரு போனை வைத்து இதே சோதனையைச் செய்தால் எண்கள் மாறும். ஆனால் முதலில் ஓட்டம், பிறகு நடை, கடைசியில் தவழ்தல் என்ற இந்த வரிசை மாறாது.

ஏன் மாறாது என்பதற்கான காரணம் பேட்டரியின் உள்ளே இருக்கிறது. 1991இல் சோனி நிறுவனம் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரிதான், எத்தனையோ மேம்பாடுகளோடு, இன்றும் நம் போன்களில் இருக்கிறது. இதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்டினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சார்ஜ் ஏறும்போது, ஒரு முனையிலுள்ள உலோக ஆக்சைடிலிருந்து லித்தியம் அயனிகள் புறப்பட்டு, மின்பகுளித் திரவத்தைக் கடந்து, மறுமுனையிலுள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு நடுவே போய் அமர்கின்றன. காலியான கிராஃபைட்டில் இடம் தேட வேண்டியதில்லை என்பதால் தொடக்கத்தில் அயனிகளை வேகமாக அனுப்பினாலும் அது ஏற்றுக்கொள்ளும். அடுக்குகள் நிரம்ப நிரம்ப, புதிதாக வருகிற அயனி உள்ளே நுழைந்து இடம்பிடிக்க நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தைக் கொடுக்காமல் மின்னோட்டத்தைத் திணித்தால், உள்ளே போக முடியாத லித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் பெரும்பகுதி மீண்டும் பயன்படாது. பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும் என்பதோடு, அந்தப் படிவு ஊசிபோல வளர்ந்து பேட்டரிக்குள் குறுக்குச் சுற்றை (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படுத்தும் அபாயமும் உண்டு.

ஆகவே போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதல் கட்டத்தில் மின்னோட்டத்தை அது கட்டுப்படுத்திக் கொடுக்க, பேட்டரியின் மின்னழுத்தம் படிப்படியாக உயர்கிறது. இன்றைய போன்களில் பெரும்பாலும் 4.4 வோல்ட்டை ஒட்டிய ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அதைத் தொட்டவுடன் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. இப்போது மின்னழுத்தத்தை அந்த வரம்பிலேயே நிறுத்திவைத்துவிட்டு, மின்னோட்டம் தானாகக் குறைய சிப் விட்டுவிடுகிறது. இரண்டு தொட்டிகளை அடியில் ஒரு குழாயால் இணைத்து, ஒன்றில் மட்டும் நீர்மட்டத்தை உயரமாக வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மட்டங்களுக்கு இடையே வித்தியாசம் அதிகமாக இருக்கும்போது நீர் பாய்ந்து ஓடும். இரண்டாவது தொட்டி நிரம்பி வித்தியாசம் விரலளவு ஆனதும் அதே குழாயில் நீர் கசிவதுபோலத்தான் போகும். நம் போன் கடைசி அரை மணி நேரத்தில் இருந்த நிலை அதுதான். எத்தனை வாட் அடாப்டரைக் கொண்டுவந்து செருகினாலும் அந்தக் கட்டத்தில் பெரிய மாற்றம் இருக்காது, ஏனென்றால் வேகத்தைத் தடுப்பது அடாப்டர் அல்ல.

சரி, கடைசிப் பகுதிக்கு வேதியியல் காரணம் என்றால், பத்தாவது நிமிடத்திலேயே 30 வாட் ஏன் 25 ஆயிற்று? அதற்குப் பதில், வெப்பம்.

[காட்சி: போனின் பின்புறத்தை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தல்.]

உள்ளே வரும் ஆற்றல் முழுவதும் பேட்டரியில் சேர்வதில்லை. இந்த அடாப்டரின் அடிப்பக்கத்தில் உள்ள பொடி எழுத்துகளைப் படித்தால் 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3 ஆம்பியர், 11 வோல்ட் 3 ஆம்பியர் என்று மூன்று வரிகள் தெரியும். கடைசி வரியைப் பெருக்கினால்தான் 33 வருகிறது. கேபிளில் 11 வோல்ட் வந்தாலும் பேட்டரிக்குத் தேவை 4 வோல்ட் சொச்சம் என்பதால், அதைக் குறைக்கும் வேலை போனுக்குள்ளேயே நடக்க வேண்டும். அந்த மாற்றத்தில் 10 சதவீதம் வீணானால், 30 வாட்டில் 3 வாட் வெப்பமாக மாறி, கையளவு கண்ணாடிப் பெட்டிக்குள், காற்றோட்டமே இல்லாத இடத்தில் அடைந்து கிடக்கும். அதிவேக சார்ஜிங் உள்ள போன்களில் சார்ஜ் பம்ப் என்ற சுற்றைப் பயன்படுத்துவது இதனால்தான். வருகிற மின்னழுத்தத்தைச் சரிபாதியாக்கி மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கும் அந்தச் சுற்றில் இழப்பு வெறும் 3 சதவீத அளவில் இருக்கும். இன்னும் சில போன்களில் பேட்டரியையே இரண்டு அறைகளாகப் பிரித்து, தொடராக இணைத்து, ஒரே மின்னோட்டத்தில் இரண்டையும் நிரப்புகிறார்கள். பெட்டியில் காணும் பெரிய வாட் எண்களுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் வெப்பத்தைக் குறைக்கும் இத்தகைய உத்திகளே தவிர, பேட்டரி வேதியியலில் நிகழ்ந்த அற்புதம் அல்ல என்பது என் கருத்து.

லித்தியம் அயனி பேட்டரிகளை 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் மட்டுமே சார்ஜ் செய்யலாம் என்பது பொதுவான வரம்பு. பேட்டரியின் வெப்பம் 40ஐ நெருங்கும்போதே பல போன்கள் மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். தடித்த உறை, மெத்தை, வெயில் படும் ஜன்னல் ஓரம், காரின் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள இடம் ஆகிய எல்லாமே சார்ஜ் ஏறும் நேரத்தை நீட்டுவது இந்த வழியில்தான். கடுங்குளிரும் அதே அளவுக்குத் தடை; குளிரில் அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழைவது மேலும் மந்தமாகிறது, ஆகவே முன்பு சொன்ன உலோகப் படிவு எளிதாக நேர்ந்துவிடும். உறைநிலைக்குக் கீழே போன் சார்ஜ் ஏற்க மறுத்தால் அது கோளாறு அல்ல.

இனி, போனுக்கு வெளியே. சார்ஜரைச் செருகியவுடன் அது 11 வோல்ட்டைத் தள்ளிவிடுவதில்லை. எந்தச் சார்ஜரும் முதலில் பாதுகாப்பான 5 வோல்ட்டில்தான் தொடங்கும். பிறகு போனும் சார்ஜரும் தமக்குள் பேசிக்கொள்கின்றன. சார்ஜர் தன்னால் தர முடிந்தவற்றைப் பட்டியலிட, போன் அவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்குகிறது. யூஎஸ்பி பவர் டெலிவரி என்பது அப்படிப்பட்ட ஒரு பொதுமொழி. 2021இல் வந்த அதன் திருத்தத்தில் உச்ச அளவு 240 வாட் வரை உயர்ந்தது. ஆனால் பல போன் நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி மொழி வைத்திருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் 67 வாட் சார்ஜரை இன்னொரு நிறுவனத்தின் போனில் செருகும்போது, பொதுமொழி எதுவும் இருவருக்கும் அமையாவிட்டால், பேச்சு முறிந்து, 5 வோல்ட்டிலேயே சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். வாட் எண்ணை மட்டும் பார்த்து சார்ஜர் வாங்கியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு டைப்-சி துளை கட்டாயமாக்கப்பட்டபோது, வேக சார்ஜிங் உள்ள கருவிகள் பவர் டெலிவரியையும் ஏற்க வேண்டும் என்று சேர்த்தே விதித்தார்கள். துளை மட்டும் ஒன்றாக இருந்து மொழி வேறாக இருந்தால் பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கேபிளைப் பற்றிச் சொல்ல எனக்கே ஒரு கதை இருக்கிறது. மறுநாள் பயணம் என்பதால் அவசரத்தில் மேசை இழுப்பறையில் கிடந்த இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு மெல்லிய கேபிளில் போனைப் போட்டுவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் 8 சதவீதம் 60ஆகத்தான் மாறியிருந்தது. அடாப்டர் அதே அடாப்டர்தான். கேபிளுக்குள் இருக்கும் செம்புக் கம்பி எவ்வளவு மெலிதோ, எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கு மின்தடை கூடும். போகவர மொத்தம் கால் ஓம் மின்தடை உள்ள கேபிளில் 3 ஆம்பியர் பாய்ந்தால் 0.75 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. வெப்பமாகப் போவது 2.25 வாட். 5 வோல்ட்டில் அது மொத்தத்தில் 15 சதவீதம், 11 வோல்ட்டில் 7 சதவீதத்துக்கும் குறைவு. மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்புவதன் காரணம் இதுவே. மின்னழுத்தம் சரிவதைக் கண்ட போன், தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. டைப்-சி கேபிள்கள் பொதுவாக 3 ஆம்பியர் வரை தாங்கும்; 5 ஆம்பியருக்கு, தன் திறனை அறிவிக்கும் சிறிய சிப் ஒன்று கேபிளின் தலைப்பகுதிக்குள் இருந்தாக வேண்டும். பையில் போட்டு எடுக்கும் போனின் துளைக்குள் நூலும் தூசியும் அழுந்திப்போய், கேபிள் முழுதாக உட்காராமல் இருப்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். புதிய சார்ஜர் வாங்க நினைத்தவர்கள் பலருக்கு ஒரு மரப் பல்குச்சியே போதுமானதாக இருந்திருக்கிறது.

[திரையில்: கணினியின் யூஎஸ்பி துளையில் செருகிய போன்; மீட்டரில் 2.4 வாட்.]

கணினியில் செருகி சார்ஜ் ஏற்றுபவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். பழைய யூஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். யூஎஸ்பி 3.0 துளையில் 4.5 வாட். திரையைப் பிரகாசமாக வைத்து வீடியோ அழைப்பில் பேசும் போனே 3 வாட்டுக்கு மேல் செலவழிக்கக்கூடும் என்பதால், சார்ஜில் இருந்தும் சதவீதம் இறங்குகிறதே என்று திகைக்க வேண்டியதில்லை. விளையாட்டு என்றால் செலவு இன்னும் அதிகம்; செலவோடு வெப்பமும் ஏறுவதால் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. மாறாக, விமானப் பயன்முறையில் போட்டால் வேகமாக ஏறும் என்ற புகழ்பெற்ற யோசனையில் மிச்சமாவது மிகச் சொற்பம். திரையை அணைத்து வைப்பதன் பலனில் அது ஒரு சிறு பங்குகூட வராது.

வயர்லெஸ் சார்ஜிங்கில் கம்பிச் சுருளிலிருந்து கம்பிச் சுருளுக்கு ஆற்றல் தாவும்போது இழப்பு அதிகம். சில மில்லிமீட்டர் விலகி வைத்தாலும் இழப்பு இன்னும் கூடி வெப்பமாக மாறும். 2023இல் வந்த ச்சீ 2 (Qi2) என்ற வயர்லெஸ் சார்ஜிங் தரத்தில் காந்தங்களைச் சேர்த்தது இந்த விலகலைத் தவிர்க்கத்தான்.

பழைய போன் மெதுவாக ஏறுவதாகத் தோன்றுவது பிரமை அல்ல. வயதாக ஆக பேட்டரியின் உள் மின்தடை உயர்கிறது, அதனால் 4.4 வோல்ட் வரம்பு முன்கூட்டியே தொடப்பட்டு, அந்தத் தவழும் கட்டம் 80 சதவீதத்தில் தொடங்குவதற்குப் பதிலாக 65இலோ 70இலோ தொடங்கிவிடலாம். கொள்ளளவும் சுருங்கியிருப்பதால் மொத்த நேரம் பெரிதாக மாறாமலும் போகலாம், ஆனால் அவசரத்துக்கு உதவும் அந்த முதல் பாய்ச்சல் குறுகிவிடும்.

ஆகவே, இனி போன் வாங்கும்போது உச்ச வாட் எண்ணைவிட, 20இலிருந்து 80 சதவீதத்துக்கு எத்தனை நிமிடம் என்று யாராவது அளந்து சொல்லியிருக்கிறார்களா எனத் தேடிப் பாருங்கள். வெளியே கிளம்ப 20 நிமிடம்தான் இருக்கிறது என்றால், நம் மேசை மீதுள்ள இந்தப் போன் 15 சதவீதத்தில் இருக்கும்போது செருகினால் ஏறத்தாழ 40 சதவீதம் கூடிவிடும். அதே 20 நிமிடத்தில், 75இல் இருந்தால் 15 சதவீதம் ஏறினாலே பெரிது. இரவு முழுவதும் செருகியிருப்பவர்களுக்கு வேகமே தேவையில்லை. 2019இல் ஐஓஎஸ் 13இல் வந்ததும், பின்னர் ஆண்ட்ராய்டு போன்களிலும் பரவலானதுமான வசதி, உங்கள் வழக்கத்தைக் கற்றுக்கொண்டு, 80 சதவீதத்தில் நிறுத்திவைத்து, நீங்கள் எழும் நேரத்துக்குச் சற்று முன் மிச்சத்தை நிரப்பும்.

[காட்சி: மீண்டும் மேசை. போனில் 100 சதவீதம். கேமரா மெதுவாக மீட்டரை நெருங்குகிறது.]

நம் சோதனைக்குத் திரும்பினால், 85ஆவது நிமிடத்தில் திரை 100 என்று காட்டியபோது மீட்டரில் எண் பூஜ்யம் ஆகவில்லை; ஏறத்தாழ 2 வாட் ஓடிக்கொண்டிருந்தது. சதவீதம் என்பது உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தை எண்ணி போன் போடும் ஒரு மதிப்பீடு மட்டுமே; அது 100 என்று அறிவித்த பிறகும் பேட்டரி சிறிது நேரம் வாங்கிக்கொண்டிருந்தது. நான் கேபிளைப் பிடுங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நிமிடங்கள் கழித்து, எந்த அறிவிப்பும் இல்லாமல், எண் சட்டென்று விழுந்தது.