கரண்டு நின்றால் தண்ணீர் ஏறாது

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பிளாட்டுகளில் குடியிருக்கும் நமக்குக் கரண்டு போனால், இருட்டை விடத் தண்ணீர்தான் பெரிய கவலை. தெருக்குழாய்த் தண்ணீர் முதலில் கீழ்த்தொட்டியில் விழுகிறது. பம்பு அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து தானாக இறங்கி நம் வீட்டுக்கு வருகிறது. பம்பு நின்றால் மேல்தொட்டியில் இருப்பது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பல பிளாட்டுகளில் உச்சி மாடிகளுக்கு அழுத்தம் கூட்டத் தனிப் பம்பு உண்டு. அதனால் அவர்கள் வீட்டுக் குழாய்தான் முதலில் மெலியும்.

ஆனால் தெருக்குழாயோடு நேராக இணைத்த கீழ்த்தளக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். பஞ்சம் தண்ணீருக்கு இல்லை, தூக்கும் கைகளுக்குத்தான். ஊரே இருண்டால் நிலைமை வேறு. 1996 ஆகஸ்ட் 3-இல் தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் நின்றது. அப்படி ஒரு நாள் வந்தால் சுத்திகரிப்பு நிலையத்துப் பம்புகளும் நிற்கலாம், தெருக்குழாயும் வற்றலாம். அதனால் முதல் மணி நேரத்திலேயே தண்ணீர் பிடிக்கத் தொடங்குங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு மாடியில் 20 வீடு, வீட்டுக்கு 20 லிட்டர் என்றால் 400 கிலோ. இதை 20 லிட்டர் தோங்கில் (பெரிய பிளாஸ்டிக் கலனில்) தூக்கினால் ஐந்தாவது மாடிக்குள் இடுப்பு விட்டுப்போகும். 5 லிட்டர் மினரல் பாட்டில், கைக்கு ஒன்று. அதுதான் படியேறத் தோதான பாரம். பதினேழு மாடிக் கட்டடம் என்றால், ஒரே ஆள் உச்சி வரை ஏறக் கூடாது. இரண்டு மாடிக்கு ஓர் ஆளை நிறுத்தி, படி திரும்பும் இடத்தில் பாட்டிலைக் கை மாற்றுங்கள். காலி பாட்டிலும் அதே வழியில் இறங்கும். மூடி இல்லாத வாளி வேண்டாம். சிந்தும் தண்ணீர் இருட்டுப் படியில் வழுக்கும், பின்னால் வருபவர் விழுவார். நெற்றி விளக்கு கட்டிக்கொண்டால் இரண்டு கையும் பாரத்துக்கு இருக்கும்.

சமையல் எண்ணெயோ சோப்போ இருந்த தோங்கில் குடிநீர் பிடிக்காதீர்கள். கழிவறைத் தண்ணீருக்கு அதை ஒதுக்கி, பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சந்தேகமான தண்ணீரைக் கேஸ் அடுப்பில் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். முடியாவிட்டால், வாசனை சேர்க்காத 5 முதல் 6 சதவீத குளோரின் பிளீச், லிட்டருக்கு 2 சொட்டு. கலக்கி அரை மணி நேரம் வைத்த பிறகே குடிக்கலாம். கலங்கிய தண்ணீர் என்றால் முதலில் துணியில் வடிகட்டுங்கள். அழுக்கு குளோரினைத் தின்றுவிடும்.

கீழ்த்தொட்டியில் கயிறு கட்டி வாளி விடும் பழக்கத்தை நான் வேண்டாம் என்பேன். வாளியின் அடியில் ஒட்டிய மண் எல்லார் வீட்டுக்கும் போகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. தொட்டியை அடிவரை வடித்துவிட்டால், கரண்டு வந்ததும் பம்பு வெறுமனே ஓடிச் சூடேறும், தண்ணீர் கசியாமல் காக்கும் சீல் கருகும். கரண்டு திரும்பியும் தண்ணீர் இல்லாமல் போவது இப்படியும் நடக்கும். பம்பு சுவிட்சை அணைத்து வைக்குமாறு நிர்வாகத்திடம் சொல்லுங்கள். கீழ்த்தொட்டி நிறைந்த பிறகு போடட்டும்.

யாருக்கு முதலில் என்ற பட்டியலைக் கரண்டு இருக்கும் நாளிலேயே கதவு எண்ணோடு எழுதி வையுங்கள். தனியாக இருக்கும் பாட்டி, கைக்குழந்தைக்காரர், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர் ஆகியோர் முதல் வரிசை. வயிற்றில் பொருத்திய குழாய் வழியே டயாலிசிஸ் செய்பவருக்குக் கை கழுவவே நல்ல தண்ணீர் வேண்டும். அதில் குறை வைத்தால் தொற்று வரும். அவர்களைக் கீழே வந்து வரிசையில் நிற்கச் சொல்லாதீர்கள், கதவு வரை கொண்டு போங்கள்.

இன்னொரு சுற்றும் போக வேண்டும். தண்ணீர் வரவில்லையே என்று குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுத் திறந்தபடியே விடுவார்கள். கரண்டு வந்ததும் மேல்தொட்டி அந்த வழியே காலியாகும், கீழ் வீட்டுக் கூரையும் ஒழுகும். ஒவ்வொரு கதவாகத் தட்டி, குழாயை மூடச் சொல்லுங்கள். முதலில் வரும் பழுப்புத் தண்ணீரை வடிகட்டியில் விடாமல், தெளியும் வரை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பூட்டிக் கிடக்கும் வீடாக இருந்தால், நிர்வாகத்தை அழைத்து மீட்டர் பக்கத்து வால்வை மூடச் செய்து, எந்த வீடு என்று குறித்துக்கொள்ளுங்கள்.