ரத்தக்காட்டேரிகளை ஆட்டிவைப்பது ஆதிக்க வெறியே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

கோதிக் கதைகளில், அதாவது பாழடைந்த கோட்டையும் மர்மமும் திகிலும் நிறைந்த பழைய ஆங்கிலக் கதைகளில், வரும் ரத்தக்காட்டேரிகளை ஆட்டிவைப்பது பசியா, ஆதிக்க வெறியா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் பசிதான் என்று அடித்துப் பேசினார். பிராம் ஸ்டோக்கர் எழுதி 1897-இல் வெளிவந்த டிராகுலா நாவலில் வரும் சவரக் காட்சியைத்தான் அவர் பெரிய சாட்சியாக நிறுத்தினார். வீட்டுப் பத்திர வேலையாக டிராகுலாவின் கோட்டைக்கு வந்திருக்கும் ஆங்கில வக்கீல் ஜோனாதன் ஹார்க்கர் சவரம் செய்யும்போது வெட்டுப்பட்டு மோவாயில் ரத்தம் வடிகிறது, அதைக் கண்டதும் டிராகுலா வெறி பிடித்தவன்போல் அவன் தொண்டையை நோக்கிப் பாய்கிறான், இது பசி இல்லாமல் வேறென்ன என்று கேட்டார்.

சரி, அந்தப் பக்கத்தோடு ஏன் நிறுத்த வேண்டும்? ஹார்க்கர் கழுத்தில் கிடந்த ஜெபமாலையில் கை பட்ட நொடியே அந்த ஆவேசம் போன இடம் தெரியவில்லை. சவரக் கண்ணாடியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசிவிட்டுப் போகிறான், அவ்வளவுதான். அதற்கப்புறமும் ஹார்க்கர் அதே கோட்டையில், பூட்டிய கதவுகளுக்குள், கூப்பிட்டால் வர நாதியில்லாமல் வாரக்கணக்கில் கிடக்கிறான். பசியே பெரிதென்றால் அவன் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்க மாட்டான். லண்டன் பக்கத்தில் பர்ஃப்ளீட்டில் வாங்கும் வீட்டின் பத்திர வேலை முடிய வேண்டும், அவன் படுத்துறங்க வேண்டிய சொந்த மண் ஐம்பது பெட்டிகளில் கப்பலேற வேண்டும், ஆங்கிலப் பேச்சு பழக வேண்டும், அதனால் உயிரோடு வைத்திருக்கிறான். ஜூன் 12, 19, 29 என்று வரப்போகும் தேதிகளைப் போட்டு மூன்று கடிதங்களை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறான், ஆள் காணாமல் போனாலும் யாரும் கோட்டையைத் தேடி வரக்கூடாது என்பதற்காக.

அந்தக் கோட்டையிலேயே உண்மையான பசியோடு மூன்று பெண் காட்டேரிகள் இருக்கிறார்கள். ஹார்க்கரின் கழுத்தருகே அவர்கள் குனியும்போது டிராகுலா உள்ளே வந்து, ஒருத்தியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு, இவன் எனக்குச் சொந்தம் என்று கத்துகிறான். ஒரு பையைத் தரையில் போடுகிறான், அதற்குள் இருப்பது ஒரு குழந்தை. பின்னால் ஹார்க்கரால் ஆக வேண்டிய வேலை முடிந்ததும், நாளை இரவு உங்களுக்கு என்று அவர்களிடம் வாக்குக் கொடுக்கிறான். பசித்தவர்களுக்குப் படியளக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறவனை நீங்கள் பசிக்கு அடிமை என்கிறீர்கள். இத்தனை காலம் எஜமானனாக வாழ்ந்தவன், இனியும் எஜமானனாகவே இருப்பேன் என்று லண்டன் பயணத்தைப் பற்றிப் பேசும்போது அவனே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான்.

இப்போது மீனாவிடம் வருகிறேன். இந்தக் காட்சியை எதிரணியில் ஒருவர்கூடத் தொடவில்லை, எனக்கு அது ஆச்சரியமாகவும் இல்லை. ஹார்க்கரின் மனைவி மீனாவின் அறைக்குள் இரவில் டிராகுலா நுழைகிறான். கணவன் பக்கத்திலேயே மயக்கத்தில் கிடக்கிறான். முதலில் அவள் ரத்தத்தைக் குடிக்கிறான், அதை நான் மறுக்கவில்லை. பசி அத்தோடு அடங்கியிருக்க வேண்டும் இல்லையா? போகவில்லை அவன். தன் நகத்தாலேயே தன் மார்பைக் கீறி, அவள் முகத்தை அங்கே அழுத்தி, தன் ரத்தத்தை அவளைக் குடிக்க வைக்கிறான். பசித்தவன் எங்காவது தன் ரத்தத்தைக் கொடுப்பானா? காரணத்தையும் அவனே சொல்கிறான். தன்னை வேட்டையாடும் ஹார்க்கருக்கும் அவன் நண்பர்களுக்கும் அவள் துணை போனாளாம், அதற்குத் தண்டனையாக, இனி அவன் மனதால் அழைத்தால் கடல் தாண்டியும் அவள் வந்து நிற்க வேண்டுமாம். மறுநாள் லண்டன் பிக்காடில்லி தெருவில் அவன் வாங்கியிருந்த வீட்டில் அந்த ஆண்கள் அவனை வளைத்துக்கொண்டபோது ஜன்னலை உடைத்துத் தப்பி, கீழே நின்று திரும்பிப் பார்த்து, நீங்கள் நேசிக்கும் பெண்கள் ஏற்கெனவே என்னுடையவர்கள், அவர்கள் வழியாக நீங்களும் என்னுடையவர்கள் ஆவீர்கள் என்கிறான். அந்தப் பேச்சு அந்த ஆண்களை நோக்கியது. மீனாவின் உடம்பு அவனுக்கு அவர்களோடு நடத்தும் போரின் களம், இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

டிராகுலா ஒருவன்தான் இப்படி என்று சொல்லிவிடாதீர்கள். ஜான் பொலிடோரி எழுதி 1819-இல் வெளிவந்த கதையின் காட்டேரி ருத்வென் பிரபுவைப் பாருங்கள். சூதாட்ட மேசையில் ஒன்றும் தெரியாத இளைஞனிடமும் பிள்ளைக்குட்டிக்காரனிடமும் பணத்தைச் சுருட்டுகிறான், அதே கையோடு ஒரு பெரிய ஏமாற்றுக்காரனிடம் தோற்றுவிட்டு எழுந்து போகிறான். காசு வேண்டாம் அவனுக்கு, அவர்கள் நாசமாவதைப் பார்க்க வேண்டும். தான் சாகப்போவதாகச் சொல்லி, ஓராண்டும் ஒரு நாளும் தன்னைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று நண்பன் ஆப்ரேயிடம் சத்தியம் வாங்குகிறான். அப்புறம் உயிரோடு வந்து நின்று, சத்தியத்தின் கெடு முடிவதற்குள் ஆப்ரேயின் தங்கையையே மணக்கிறான். லண்டனில் அவனுக்கு வேறு ரத்தமா கிடைக்கவில்லை? எல்லாம் தெரிந்தும் பேச முடியாமல் ஆப்ரே துடித்தே சாக வேண்டும், அதற்குத்தான் அந்தத் தங்கை.

அடுத்துப் பேச வருகிற சகோதரி கார்மில்லாவைக் கொண்டுவருவார், அது எனக்குத் தெரியும். ஷெரிடன் லே ஃபானுவின் 1872-ஆம் ஆண்டுக் கதை, அவருக்குப் பிடித்த கதை, எனக்கும் பிடித்ததுதான். கதையைச் சொல்லும் இளம்பெண் லாராவிடம் காட்டேரி கார்மில்லா காட்டுவது காதல், பசியோடு பிறந்த காதல் என்பார். அம்மா, கதையின் முடிவில் லாராவே பிரித்துச் சொல்லிவிட்டாள். சாதாரண இரை என்றால் காட்டேரி நேராகப் போய் மூர்க்கமாக முடித்துவிடும், பெரும்பாலும் ஒரே இரவில். மனம் பற்றிக்கொண்ட ஆளிடம் மட்டும் பொறுமையாக, தந்திரமாக, நாள்கணக்கை நீட்டி நீட்டி நெருங்கும். சுற்றுவட்டாரத்து ஏழைப் பெண்கள் மளமளவென்று சாகிறார்கள், லாரா வாரக்கணக்கில் தேய்கிறாள். பசிக்குத் தனி வழி, லாராவுக்குத் தனி வழி என்று ஆசிரியரே கோடு கிழித்திருக்கிறார். கார்மில்லா லாராவின் காதில் திரும்பத் திரும்பச் சொல்வதும், நீ என்னுடையவள், என்னுடையவளாகத்தான் இருப்பாய் என்பதைத்தான்.

சகோதரி எழுந்து வந்ததும் கார்மில்லாவுக்கு முன்னால் ஒரே ஒரு பதிலைச் சொல்லட்டும். பசிதான் காரணம் என்றால், டிராகுலா மீனாவுக்கு எதற்காகத் தன் ரத்தத்தைக் கொடுத்தான்? நன்றி, வணக்கம்.