சிட்னியிலிருந்து ஈடன் வரை கேரவனில்: அவசரப்படாதீர்கள் மக்களே

வணக்கம் மக்களே! காற்று இரைச்சல் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னால் தெரிவது டூஃபோல்ட் விரிகுடா. நியூ சவுத் வேல்ஸின் தெற்குக் கோடியில் ஈடன் என்ற ஊரில் இருக்கிறோம். இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போனால் விக்டோரியா எல்லை வந்துவிடும். போகப் போவதில்லை. ஏன் என்பதைத்தான் இந்த வீடியோவில் சொல்லப் போகிறேன்.

காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சக்கர வீடான கேரவனை வாடகைக்கு எடுக்கிறோம் என்று போன வீடியோவில் சொன்னதும் நிறையப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, பள்ளி விடுமுறையில் ஒரே வாரத்தில் சிட்னியிலிருந்து மெல்பர்ன் வரை கடலோரமாகவே போய்விடலாமா?" போகலாம். பிரின்சஸ் நெடுஞ்சாலையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. பின்னால் இரண்டு டன் வீட்டை இழுத்துக்கொண்டு ஒரு வாரத்தில் அதை முடித்தால், அதற்குப் பெயர் விடுமுறை இல்லை, லாரி ஓட்டுகிற வேலை. ஒவ்வொரு ஊரிலும் கேரவனைக் கழற்றி, சமமாக நிறுத்தி, அதன் தாங்கு கால்களை இறக்கி, கரண்ட், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் எல்லாம் மாட்டி, வெளிக்கூரையை விரிப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். கிளம்பும்போது மறுபடியும் அதே கதை. அதனால் நாங்கள் தங்கிய இடங்கள் குறைவு. ஜெர்விஸ் பே, நரூமா, இப்போது ஈடன். நடுவில் உள்ளதையெல்லாம் காரில் போய்ப் பார்த்தோம், அல்லது பார்க்காமல் விட்டோம். விட்டதில் எனக்கு வருத்தமே இல்லை.

இந்தத் தடவை எங்களோடு அத்தையும் வந்திருக்கிறார், என் மாமியார். கும்பகோணத்திலிருந்து பேரப் பிள்ளைகளைப் பார்க்க வந்தவர். கேரவன் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "கட்டில்தான் இருக்கே, நான் இதிலேயே படுத்துக்கிட்டு வர்றேனே?" நியாயமான கேள்விதான். ஆனால் ஓடுகிற கேரவனுக்குள் ஆள் இருக்கக் கூடாது, அது இங்கே சட்டப்படி குற்றம். எல்லோரும் காரில் பெல்ட் போட்டுத்தான் உட்கார வேண்டும். அதனால் கார் நிறைய ஐந்து பேர். இங்கேதான் எடைக் கணக்கு வருகிறது. தயவுசெய்து வீடியோவின் இந்தப் பகுதியைத் தாண்டி ஓட்டிவிடாதீர்கள்.

"என் கார் 3,000 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கிறது, கேரவன் 2,000 கிலோதான், அப்புறம் என்ன?" என்று நினைப்போம். கேரவனின் பக்கவாட்டில் ஒரு தகடு இருக்கும். அதில் ஏடிஎம் என்று ஓர் எண் போட்டிருக்கும். பணம் எடுக்கிற ஏடிஎம் இல்லை. சாமான், தண்ணீர், கேஸ் எல்லாம் சேர்த்து அந்தக் கேரவன் அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்ற எண் அது. அந்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் உட்காரும். 2,000 கிலோ கேரவன் என்றால் கொக்கியில் 200 கிலோ. அந்த 200 கிலோ காரின் கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் கார் தாங்கக்கூடிய சுமை 650 கிலோ என்று வையுங்கள். கொக்கிக்கு 200, ஐந்து பேருக்கு 350. மிச்சம் 100 கிலோதான். அதற்குள்தான் பெட்டி, ஐஸ் பெட்டி, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம்.

அத்தை கிரைண்டரை எடுத்து வைத்திருந்தார். மேசை கிரைண்டர்தான், ஆனால் கல் கல்தானே. பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். பெரிய பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் சிட்னியின் பெண்டில் ஹில் கடையில் மாவு வாங்கிக்கொண்டு கிளம்பினோம். தண்ணீரும் அப்படித்தான். 80 லிட்டர் தொட்டி என்றால் 80 கிலோ. பவர் சைட், அதாவது கரண்ட் இணைப்புள்ள இடம், இருக்கிற கேரவன் பார்க்கில் குழாய் இருக்கிறது, எதற்கு நிரப்பிக்கொண்டு போக வேண்டும்? கனமான சாமானை அச்சுக்கு நேர் மேலே, தரையோடு வையுங்கள். பின்பக்கம் கனம் ஏறினால் கேரவன் வால் ஆட்டும். அப்படி ஆட ஆரம்பித்தால் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, கேரவன் பிரேக்கை மட்டும் கையால் போடுகிற பொத்தான் காருக்குள் இருக்கும், அதை மெதுவாகப் பயன்படுத்த வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போதே அந்தப் பொத்தான் எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள். நியூ சவுத் வேல்ஸில் சாதாரண கார் லைசென்ஸே இதற்குப் போதும். ஆனால் லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காகக் கை பழகிவிடாது. காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடியுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ கேரவனின் பின்புறம் அந்தப் பக்கம் போகும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் பார்க்கில் பக்கத்து இடத்தில் இருந்த ஒரு தாத்தா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நாடு முழுக்கக் கேரவனிலேயே சுற்றுகிறவர்களை இங்கே 'கிரே நோமாட்' என்பார்கள். நீங்கள் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்ப்பதுதான் அவர்களுக்குச் சாயங்காலப் பொழுதுபோக்கு. கூச்சப்படாமல் உதவி கேளுங்கள்.

சரி, பாதைக்கு வருகிறேன். சிட்னியை விட்டு இறங்கும்போது ஹெலன்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் கோயில் வழியிலேயே இருக்கிறது. அத்தையைக் கூட்டிக்கொண்டு அதைத் தாண்டிப் போக முடியுமா? கேன்டீன் திறந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள், ஆனால் கூட்டம் வருவதற்கு முன் போய்விடுங்கள், கேரவனோடு அங்கே திரும்புவது லேசு இல்லை. அதற்கப்புறம் வுலங்காங்குக்கு இறங்குகிற மவுண்ட் அவுஸ்லி சரிவு. லாரிகளுக்கு லோ கியர் போர்டு வைத்திருப்பார்கள். அது நமக்கும்தான். பிரேக்கிலேயே கால் வைத்து இறங்காதீர்கள். கியாமாவில் பாறை ஓட்டை வழியாகக் கடல் பீய்ச்சுவதைப் பார்க்க நிறுத்தினோம். அலை தென்கிழக்கிலிருந்து வந்தால்தான் நன்றாகப் பீய்ச்சும். அன்று வரவில்லை. ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

ஜெர்விஸ் பேயில் எல்லோரும் போவது ஹயம்ஸ் பீச். மணல் வெள்ளை வெளேர் என்றிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஊர் சின்னது, விடுமுறையில் கார் நிறுத்தவே இடம் கிடைக்காது, கேரவனோடு உள்ளே போகவே போகாதீர்கள். பக்கத்திலேயே புடரீ தேசியப் பூங்கா இருக்கிறது. அந்த நிலத்தின் சொந்தக்காரர்கள் ரெக் பே பழங்குடி மக்கள், 1995இல் அவர்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் உண்டு. உள்ளே மரீஸ் பீச்சில் அதே வெள்ளை மணல், பாதிக் கூட்டம்தான். என் ஓட்டு அதற்குத்தான்.

ஜெர்விஸ் பேயைத் தாண்டித் தெற்கே வரும்போது சாலையோர மரங்களைப் பாருங்கள். அடிமரம் கருகி, அதிலேயே பச்சைத் தளிர் விட்டு நிற்கும். 2019 டிசம்பர் கடைசி நாளில் மோகோ, கோபார்கோ ஊர்களைத் தீ எரித்துவிட்டது. விடுமுறைக்கு வந்த எத்தனையோ குடும்பங்கள் நெடுஞ்சாலை மூடிக் கடற்கரையிலேயே மாட்டிக்கொண்டன. அதனால் கோடையில் வருகிறவர்கள் போனில் தீ எச்சரிக்கை தருகிற 'ஹசார்ட்ஸ் நியர் மீ' செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். தீத் தடை நாளில் விறகு, கரி எதுவும் பற்ற வைக்கக் கூடாது. சாயங்காலம் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுங்கள், கங்காரு குறுக்கே வருகிற நேரம் அது. கேரவனோடு சட்டென்று நிறுத்த முடியாது.

நரூமாவில் நாங்கள் உண்மையில் எதுவும் செய்யவில்லை, அதுதான் நன்றாக இருந்தது. மில் பே மரப்பாலத்தில் நடந்தால் கண்ணாடி மாதிரித் தண்ணீரில் திருக்கை மீன் காலடியிலேயே போகிறது. சின்னவன் அதைவிட்டு நகரவே மாட்டேன் என்றான். ஆஸ்திரேலியா வடிவத்தில் ஓட்டை விழுந்த பாறையில் எல்லோரையும் போல நாங்களும் போட்டோ எடுத்தோம். சாயங்காலம் பார்க்கின் பொதுச் சமையல் அறையில் அத்தை சாம்பார் தாளித்தார். பெருங்காய வாசனைக்குப் பக்கத்து கேரவன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், அரை மணி நேரத்தில் அவர்கள் வறுத்த மீன் எங்கள் தட்டில், எங்கள் இட்லி அவர்கள் தட்டில். அத்தைக்கு ஆங்கிலம் வராது. மறுநாள் காலையில் பக்கத்து கேரவன் அம்மாவும் அத்தையும் சேர்ந்து துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "எல்லாம் பேசினோம்" என்றார். ஹோட்டல் அறையில் இது நடக்குமா?

கடல் பற்றி ஒன்று. நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரைப் பார்த்தால் மட்டும் இறங்கிவிடுவோம். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். அலையே இல்லாமல் அமைதியாகத் தெரிகிற இடம்தான் பல நேரம் உள்ளே இழுக்கிற நீரோட்டம். கொடி இல்லையா, மணல் வீடு கட்டுங்கள், போதும்.

இப்போது ஈடன். இங்கே உள்ள கில்லர் வேல் மியூசியத்துக்குக் கட்டாயம் போங்கள். 1931இல் தொடங்கியது. உள்ளே ஓல்ட் டாம் என்ற ஓர்க்காவின், அதாவது கில்லர் வேலின், எலும்புக்கூடு முழுசாக நிற்கிறது. இந்த விரிகுடாவில் ஓர்க்காக் கூட்டம் பெரிய திமிங்கிலங்களைக் கரைப் பக்கம் விரட்டிக்கொண்டு வரும், வாலால் தண்ணீரை அடித்து வேட்டைக்காரர்களை எழுப்பும். இங்கே திமிங்கில வேட்டை நடத்திய டேவிட்சன் குடும்பமும் அவர்கள் படகுகளில் இருந்த பழங்குடி வேட்டைக்காரர்களும் ஈட்டி எறிவார்கள். கூலியாக நாக்கும் உதடும் ஓர்க்காக்களுக்கு, மிச்சம் மனிதர்களுக்கு. பழங்குடி மக்களுக்கும் ஓர்க்காக்களுக்கும் இருந்த உறவு வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே இருந்தது. டாம் 1930 செப்டம்பரில் செத்துக் கரை ஒதுங்கியது. அதன் பற்கள் ஒரு பக்கம் தேய்ந்திருக்கின்றன, ஈட்டிக் கயிற்றைக் கடித்து இழுத்ததால் என்கிறார்கள். பெரியவள் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "அப்போ டாம் நல்லவனா கெட்டவனா?" என்று கேட்டாள். வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார், நான் அத்தையைப் பார்த்தேன். "பசிச்சவன்" என்றார் அத்தை.

அந்த வேட்டை எல்லாம் முடிந்துவிட்டது. ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் பெருகி, 2022இல் ஆஸ்திரேலிய அரசு அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலிலிருந்தே அவற்றை எடுத்துவிட்டது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை குட்டிகளோடு இந்தப் பக்கமாகத் தெற்கே போகின்றன. படகுக்குப் பணம் கொடுக்காமல், கரையில் நின்றே இன்று காலையில் இரண்டு மூச்சுப் பீய்ச்சலைப் பார்த்தோம்.

கடைசியாகச் செலவு. கேரவன் மலிவு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வாடகை, பவர் சைட், இழுப்பதால் கூடுகிற பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் சுமாரான மோட்டல் செலவை எட்டிவிடும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்றால் சைட் வாடகையே எங்கேயோ போய்விடும், அதுவும் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். ஐந்து பேர், வீட்டுச் சாப்பாடு, வயதானவர் நினைத்த நேரத்தில் படுக்க ஒரு கட்டில், இதற்காகத்தான் நாங்கள் எடுத்தோம். இரண்டு பேர் மட்டும் போகிறீர்கள் என்றால் காரையும், பார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கிற ஒரு கேபினையும் எடுங்கள்.

டாய்லெட் கேசட்டை, அதாவது கேரவன் கழிவறையின் கழிவுத் தொட்டியை, எப்படிக் காலி செய்வது என்று தனி வீடியோ போடுகிறேன், சாப்பிடும்போது பார்க்க வேண்டாம். எடை பற்றிச் சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். ஆனால் "என் கார் இழுக்குமா" என்று மட்டும் கேட்காதீர்கள். காரின் மாடல், கேரவன் தகட்டில் உள்ள ஏடிஎம், எத்தனை பேர் போகிறீர்கள், மூன்றையும் எழுதினால்தான் நான் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும்.