விமானி எங்கே உட்கார வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். பயிருக்கு மருந்து தெளிக்கும் சின்ன விமானத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1921 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹாயோவில், மரங்களைத் தின்ற புழுவை ஒழிக்க ஒரு ராணுவ விமானத்திலிருந்து மருந்துத் தூளைத் தூவினார்கள். அதற்கப்புறம் சுமார் முப்பது வருஷம் இந்த வேலையைச் செய்தவை பெரும்பாலும் வேறு காரியத்துக்காகக் கட்டிய விமானங்கள்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், படைக்குத் தேவைப்படாத பயிற்சி விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. ஒரு தொட்டியைப் பொருத்தினால் போதும், தொழில் தொடங்கிவிடலாம்.

ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது? பயிரை உரசுகிற மாதிரி பறக்க வேண்டும். வயல் முடிகிற இடத்தில் மரம் இருக்கும், கரண்ட் கம்பி இருக்கும். சட்டென்று மேலே தூக்கித் திருப்பி, அடுத்த வரிசைக்கு இறங்க வேண்டும். எஞ்சின் கொஞ்சம் தடுமாறினாலும் சமாளிக்க உயரம் கிடையாது. சில விமானங்களில் மருந்துத் தொட்டி விமானியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தரையில் மோதினால் அந்தப் பாரம் முழுவதும் அவர்மேல்தான் வந்து விழும்.

டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் பிரெட் வைக் என்ற பொறியாளர் இதைக் கையில் எடுத்தார். விபத்துக் காயங்களை ஆராய்ந்துவந்த ஹியூ டிஹேவனின் ஆலோசனையையும் கேட்டார். டிஹேவன் தானே விமான விபத்தில் பிழைத்தவர். வைக் வடிவமைத்து, 1950 டிசம்பரில் பறந்த ஏஜி-1 விமானத்தில் எஞ்சின் முன்னால், அதற்கடுத்து தொட்டி, எல்லாவற்றுக்கும் பின்னால் உயரத்தில் விமானி. மோதினால் முன்பக்கம் படிப்படியாக நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். ஆள் உட்காரும் கூடு மட்டும் உறுதியாக நிற்கும். உயரத்தில் உட்கார்வதால் விமானத்தின் மூக்குக்கு மேலாக வயலும் நன்றாகத் தெரியும். என்னைக் கேட்டால், இதைவிடக் கருணையான விமான வடிவமைப்பு அந்தக் காலத்தில் வேறில்லை.

அந்த வழியில் வந்ததுதான் பைப்பர் பானி விமானம். 1959-இல் விற்பனைக்கு வந்து, 5,000-க்கு மேல் கட்டப்பட்டது. காக்பிட் கூரையிலிருந்து வால் உச்சிக்கு ஒரு எஃகு வடம் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மேலே மாட்டும் கரண்ட் கம்பி அதில் வழுக்கி, வாலில் சிக்காமல் தாண்டிப்போகும்.

நம் நாட்டிலும் இதே பாடம் படிக்கப்பட்டது. பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிறுவனம் மருந்து தெளிக்கக் கட்டிய 'பசந்த்' விமானத்தின் முதல் வடிவத்தில் விமானி இறக்கையின் முன்விளிம்புக்கு மேலே உட்கார்ந்தார். அதைத் திருத்தி, இருக்கையை இடம் மாற்றி, 400 குதிரைத்திறன் எஞ்சினோடு 1972-இல் பறக்கவிட்டார்கள். கட்டியது என்னவோ சுமார் 40 விமானங்கள்தான். இன்னும் நிறைய கட்டியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.