திரும்பக் கட்டினால் போலியா?

நடுவர் அவர்களே, வணக்கம். "ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைம் நகரம், போரில் அழிந்த தன் பழைய கட்டடங்களைத் திரும்பக் கட்டியது மரபா, போலியா?" என்பது தலைப்பு. மரபே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரே கேள்வியில் எங்களை மடக்கப் பார்த்தார்: "1989இல் கட்டி முடித்த வீட்டுக்கு 1529ஆம் ஆண்டு வீடு என்று எப்படிப் பெயர் வைப்பீர்கள்?" அவர் சொல்வது சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் கசாப்புக்காரர் சங்க மாளிகையை. ஜெர்மன் பெயர் க்நோக்கன்ஹவர் ஆம்ட்ஸ்ஹவுஸ். இதை இன்னொரு தடவை சொன்னால் நீங்கள் மணி அடித்துவிடுவீர்கள்.

1945 மார்ச் 22 அன்று குண்டுவீச்சில் பழைய நகரம் எரிந்தது. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிய ஏழு வாரம்கூட இல்லை. மரச்சட்ட வீடுகள் நிறைந்த ஊர், தீக்குக் கேட்கவா வேண்டும்? அந்த மாளிகையும் போனது. ஆனால் அதற்கு முன்பே, 1884இல், அது ஒரு தடவை தீப்பிடித்துப் பழுதுபார்க்கப்பட்ட கட்டடம்தான். சரி, போலி எந்த ஆண்டில் ஆரம்பிக்கிறது? எதிரணி தேதி சொல்லட்டும்.

அடுத்து, அந்த ஊர் ஆயரின் (பிஷப்பின்) பேராலயத்தையும் புனித மைக்கேல் ஆலயத்தையும் அவர்களே வாயாரப் புகழ்ந்தார்கள். இரண்டும் அதே போரில் நொறுங்கி, 1950களில் எழுப்பப்பட்டவை. 1985இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது இவற்றைத்தான். ஆயர் பெர்ன்வார்டு 1015இல் வார்க்கச் செய்த வெண்கலக் கதவுகள் அசல், ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு கதவும் நாலரை மீட்டருக்கு மேல் உயரம், ஒரே வார்ப்பு! மைக்கேல் ஆலயத்தின் ஓவியக் கூரையும் அசல். சுமார் 1,300 ஓக் பலகைகளில் இயேசுவின் வம்சாவளியைத் தீட்டிய அந்தக் கூரையை 1943இலேயே கழற்றிப் பத்திரப்படுத்தியதால்தான் தப்பியது. ஆனால் அந்த அசல் கூரையை இன்று தாங்கி நிற்பது திரும்பக் கட்டிய ஆலயம்! அப்புறம், அந்தச் சுவர் மரபு, சதுக்கத்து மாளிகை மட்டும் போலியா? ஆயருக்கு ஒரு நியாயம், கசாப்புக்காரருக்கு ஒரு நியாயமா?

மாளிகையைக் கட்டிய விதத்தையும் பாருங்கள். கான்கிரீட் போட்டு மேலே மரப்பலகை ஒட்டவில்லை. ஓக் மரச்சட்டங்களைப் பழைய முறைப்படி ஒன்றோடொன்று கோத்து மரமுளை அடித்து எழுப்பினார்கள். உளி பிடிக்கும் கையில் இருக்கும் வித்தையும் மரபுதானே?

எல்லாமே அப்படி என்று வாதாட மாட்டேன். அதே சதுக்கத்தில் வேடகிண்ட் இல்லம் இருக்கிறது. முகப்பு பழைய பாணி, உள்ளே நவீன வங்கி. அதைக் கேலி செய்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஆனால் "காலத்துக்கேற்ற புதுக் கட்டடம் வைத்திருக்கலாமே" என்கிறார்களே, அதையும் அந்த ஊர் செய்து பார்த்தது. மாளிகை நின்ற அதே மனையில் 1960களில் ஒரு நவீன ஓட்டல் எழுந்தது. 1980களில் அதை இடித்துத்தான் மாளிகையைத் திரும்பக் கட்டினார்கள். அந்த ஓட்டலையும் அச்சு அசலாகத் திரும்பக் கட்டுங்கள் என்று ஹில்டெஸ்ஹைமில் யாராவது கேட்டார்களா? எதிரணியிலிருந்து அடுத்து வருபவர் முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.